மதினி கடைசியாகப் பார்த்த பூ

பிரியமான ராசாத்தி மதினிக்கு,

கரட்டில் மழை பெய்துவிட்டது. இதைத்தான் முதலில் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. போன வருடம் இதே மழைக்குப் பிறகுதான் நீங்கள் போனீர்கள். அதனால் இந்த முறை மலைப்பக்கம் மேகம் கூடியபோதே நான் நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது மதினி. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேவாரத்திலிருந்து எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு காமயகவுண்டன்பட்டிக்கு வந்தவர். திராட்சைத் தோட்டம், இரண்டு மாடு, ஒரு மகள். கவிதா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, தேனியில் நடந்த புத்தகக் கண்காட்சியில் அந்தத் தடிப் புத்தகத்தை வாங்கினீர்கள். மேற்கு மலைப் பக்கத்துக் காட்டுப் பூக்களின் கையேடு. முழுக்க ஆங்கிலம். "படிக்கத் தெரியாத புத்தகத்த எதுக்கு வாங்குற?" என்று அண்ணன் கேட்டதற்கு, "படத்துக்கு என்ன பாஷை? எழுத்த வாசிக்கத்தான் உன் தங்கச்சி இருக்காள்ல" என்றீர்கள்.

பெரியகுளத்தில் அரசு அலுவலக வேலையில் இருக்கும் நான் அப்படித்தான் உங்கள் பூ விஷயத்துக்குள் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவேன். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக் குன்றான கரட்டில் இருவரும் ஏறுவோம்.

அந்தப் புத்தகத்தை நிறம் பார்த்துத்தான் திறக்க வேண்டும். வெள்ளைக்கு ஒரு பகுதி, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பிறகு இதழ் எத்தனை, இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா, கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடும். விஷ்ணுகிராந்தியை நான் ஊதாவில் தேடிக்கொண்டிருந்தேன். "ஒனக்குக் கண்ணுல கோளாறு. இது நீலம்" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டினீர்கள். அங்கேதான் இருந்தது. அன்று முழுக்க உங்கள் முகத்தில் ஒரு மிதப்பு.

தெரிந்த செடியாக இருந்தாலும் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் நம்புவீர்கள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லை என்பது எனக்குப் புரியவே நாளானது. கல்யாணமானதிலிருந்து சோறு, மாடு, தோட்டம் என்று குனிந்தே இருந்தவருக்கு, தனக்காகவே குனிந்து பார்க்க ஒன்று கிடைத்திருந்தது. இதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேன். சரிதானா மதினி?

நீங்கள் போன அன்று நான் வரவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது. நீங்கள் மட்டும் காலையில் ஏறியிருக்கிறீர்கள். திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்த அண்ணன், நேரமாகியும் உங்களைக் காணாமல் தேடி வந்து, பாறைச் சரிவில் கண்டெடுத்தாராம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். எங்கே இருந்தாலும் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னது அண்ணன் காதில் ஏறவில்லை.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "பூவு பூவுன்னு வெயில்ல கூட்டிக்கிட்டுத் திரிஞ்சது இவதான். பூவப் பாக்கப் போயித்தானே போனா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணனும் நானும் பேசவில்லை. தீபாவளிக்குக்கூட.

உங்கள் கைபேசி கவிதாவிடம் இருந்தது. அதில் கடைசியாக இருந்த படத்தை அவள் எனக்கு அனுப்பினாள். "அத்தே, அம்மா கடைசியா எடுத்தது இதுதான். என்னன்னு தெரியுதா?" தெரியவில்லை. கை ஆடி எடுத்த படம். ஈர மண், கொஞ்சம் புல், நடுவில் ரோஸ் நிறத்தில் கலங்கலாக ஏதோ ஒன்று. அந்தப் படத்தை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக்க ஆக்க, பூ கலைந்துபோய் நிறம்தான் மிஞ்சியது.

இந்த வருடம் மழை விட்டதும், அடுத்த ஞாயிறு போவதென்று முடிவு செய்தேன். வீட்டுப் பக்கம் போகாமல் வாய்க்கால் வழியாக நேரே கரட்டில் ஏறினேன். மேலே போனால், பாறையில் ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அண்ணன்தான். மடியில் உங்கள் புத்தகம். நான் அதை அவர் எரித்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

திரும்பிவிடலாமா என்று நின்றேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"அமுதாவா?" என்றார், தலையைத் திருப்பாமல்.

"ஆமாண்ணே."

"கண்ணாடி வச்சிருக்கியா? எழுத்து பொடிப்பொடியா இருக்கு. எனக்குத் தெரியமாட்டேங்குது."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இதுதான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் காலடியில், ஒரு கல்லை ஒட்டி, சாண் உயரத்தில் ஒரு செடி. ரோஸ் நிறத்தில் ஒரே ஒரு பூ.

"அங்கனதான் கெடந்தா. கை இந்தச் செடிக்குப் பக்கத்துல இருந்துச்சு. எடம் மறந்துறக் கூடாதுன்னு நான்தான் கல்லு வச்சேன்" என்றார். "மழைக்கு அப்பறம் தெனமும் வர்றேன். புத்தகத்துல படத்தப் பாத்துப் பாத்து ரோஸ் பக்கம் பூராத்தையும் பொரட்டிட்டேன். இதுக்கு ஒரு எதழ்தான் இருக்கு. ஒரு எதழ்ல பூவே இல்லையே இதுல. அவ எதப் பாத்தான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நீங்கள் தேனி பஜாரில் வாங்கிய, நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கும் லென்ஸை, எதற்கென்று தெரியாமலே, அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டேன். அகலமாக ஒரே இதழ், விசிறி மாதிரி. அதற்கு மேலே, பூவின் அடியோடு ஒட்டிக்கொண்டு, அரிசி நொய் அளவில் ஏதோ இருந்தது.

"அண்ணே, இங்கன பாருங்க. ஒண்ணு இல்ல."

அவரும் குனிந்தார். அவருக்கு இடுப்பு வலி உண்டென்று உங்களுக்குத் தெரியும். முனகிக்கொண்டே குனிந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து எண்ணினார். "ஒண்ணு பெருசு. பொடிசா... ரெண்டு, மூணு. அந்தா இன்னொண்ணு. அஞ்சு."

பிறகு எளிதாக இருந்தது. ஐந்து இதழ், ஒன்று மட்டும் பெரியது. இலை ஒடுக்கம், மாறி மாறி. நான் பக்கத்தைத் திறந்தேன். அவர் இரண்டு முறை தாண்டிப்போன பக்கம். படத்தில் பூவைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரும் இருந்தது. ஓரிதழ் தாமரை.

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். "நாட்டு மருந்துக் கடையில பொடியா விக்கிறாகளே, அதா?"

"அதேதான்."

"இம்புட்டுத்தானா?" என்றார். லென்ஸை மறுபடியும் கண்ணில் வைத்துப் பார்த்தார். "ஊர் ஒலகத்துல இல்லாத பூவாக்கும்னு நெனச்சேன். இதப் பாக்கவா இவ்வளவு தூரம் ஏறுனா?"

கீழே தோட்டத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார்.

"நான் வந்து பொரட்டுனப்ப, அவ மூஞ்சியில வலியே இல்லத்தா. பயமும் இல்ல. என்னமோ எண்ணிக்கிட்டு இருந்தவ பாதியில நிறுத்துன மாதிரி இருந்துச்சு."

அப்போதுதான் நான் அழுதேன் மதினி. நீங்கள் போன அன்று வராத அழுகை. அண்ணன் என் தலையில் கையை வைத்தார். "ஒன்னய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. யாரையாச்சும் வையணும் போல இருந்துச்சு. வா, வீட்ல சோறு இருக்கு. நானே வடிச்சேன், கொழஞ்சிருக்கும்" என்றார். குழைந்துதான் இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் ஐந்தையும் எண்ணி முடித்தீர்களா? இல்லை, இதென்ன ஒற்றை இதழ் என்ற அதிசயத்திலேயே போய்விட்டீர்களா? எது உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். கவிதாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பதறி எடுத்தேன். "வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல. வாய்க்கா ஓரம் ஒரு மஞ்சப் பூ. எதழு நாலு. எல மாறி மாறி இருக்கு. புத்தகத்துல இதே மாதிரி ரெண்டு படம் போட்டிருக்கான். எதுன்னு முடிவு பண்ண முடியல." பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, இலையின் ஓரம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் செடிக்குப் பக்கத்தில் உட்காரும் முனகல் கேட்டது. அவர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தேன்.

இனி அவர் எப்போது கூப்பிட்டாலும், எந்த வேலையில் இருந்தாலும், எடுப்பேன் மதினி. எந்த நிறம், எத்தனை இதழ் என்று கேட்பேன். அவர் எண்ணி முடிக்கும்வரை போனை வைக்கமாட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
அமுதா