விற்று முடிந்த வீடு

என் அன்புக்குரியவனுக்கு,

கப்பலில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டையை அனுப்பிவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். தொட்டில் வந்துவிட்டது, பெட்டியைத்தான் இன்னும் பிரிக்கவில்லை. நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று சின்சினாட்டியில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். தன் திவால் வழக்கில் விற்கப்பட்டு நாம் வாங்கிய இந்த வீட்டைத் திரும்பக் கேட்டு, பழைய சொந்தக்காரி லோர்னா பெட்ராக் செய்த மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. விற்று முடிந்த வீட்டைப் பற்றி இனித் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்று கீழ்நீதிமன்றம் அவள் வழக்கைத் தள்ளிவிட்டதல்லவா? நம் வக்கீலும் அதையேதான் சொன்னார்.

மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு இடிஞ்சா போச்சு? அங்கேயேதானே நிக்குது? அப்புறம் ஒண்ணும் மிச்சமில்லன்னா எப்படி?"

நம் வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தீர்ப்பைப் பிறகு சொல்வார்களாம்.

வெளியே லிஃப்ட் அருகில் லோர்னா என்னை நோக்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கை தானாக வயிற்றுக்குப் போனது. அவளும் அங்கேதான் பார்த்தாள்.

"கொழந்தைக்கு எந்த ரூம்?"

"மாடியில, பின்பக்கம்."

"அந்த ஜன்னல் சரியா மூடாதே. கொஞ்சம் மேல தூக்கி, இடதுபக்கமா அழுத்தணும். இல்லன்னா குளிர் உள்ள வந்துரும்."

தலையாட்டிவிட்டு லிஃப்டில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடி செய்தேன். மூடிக்கொண்டது. நாம் ஜெயிக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொண்டேன். ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

சீக்கிரம் வா.

உன் மனைவி