பக்கத்தில் கிடந்த ரப்பர்

2019 நவம்பர் 12, செவ்வாய், காலை 6.40. பன்னிரண்டு வளையங்கள்.

இன்ஹேலர் குப்பியின் வாயை அடைக்கும் கறுப்பு ரப்பர் வளையங்கள். மருந்தைத் தள்ளும் வாயுவில் இரண்டு வருடம் ஊறியும் ஒன்றுகூட உப்பவில்லை. கண்ணாடிக் குடுவைக்குள் உறங்குகின்றன. பார்த்துக்கொண்டிருந்தால் என் மூச்சும் மெதுவாகிறது.

நாளை மறுநாள் விசாரணை. 'யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான்' என்று போட்டிக் கம்பெனி இந்த வளையத்துக்கான எங்கள் காப்புரிமையை எதிர்க்கிறது. அது விழுந்தால் உரிமம் வாங்க வந்தவர்கள் போய்விடுவார்கள். ஆய்வகத்துக்குப் பூட்டு.

நவம்பர் 13

வழக்கறிஞர் ஹெட்விக் ரோஸ்லர் பாடம் எடுத்தார். எளிதில் தோன்றுமா என்று அளக்க, சட்டத்தில் ஒரு கற்பனை ஆள் உண்டாம். துறையின் எல்லாக் கட்டுரைகளையும் படித்தவர். சொந்தமாக ஒரு யோசனையும் வராதவர்.

"அவரால இதைச் செஞ்சிருக்க முடியுமாங்கிறது இல்ல வைட், செஞ்சிருப்பாராங்கிறதுதான் கேள்வி."

"அவ்ளோ படிச்சவன் இப்படி மக்காவா இருப்பான்?"

"நம்ம பிழைப்பே அந்த மக்கை நம்பித்தான். நாளைக்கு நீங்க வாயைத் திறக்காதீங்க."

திரும்பும்போது மியூனிக் முழுக்க மூடுபனி. டிராமில் கண் சொருகியது. அந்தக் கற்பனை ஆள் எதிர் இருக்கையில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். முகமே இல்லை. கோபம் வரவில்லை — ஏனோ பாவமாக இருந்தது.

நவம்பர் 14, மதியம்

உளறிவிட்டேன்.

இந்த ரப்பரை ஏன் எடுத்தீர்கள் என்று அமர்வின் தலைவர் கேட்டார். "பக்கத்துல கிடந்துச்சு" என்றேன். எங்கள் ஜெர்மனில் அதற்கும், சட்டம் சொல்லும் 'எளிதில் தோன்றக்கூடியது' என்பதற்கும் ஒரே சொல்!

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "கண்டுபிடிச்சவரே நம்ம பக்கம் வந்துட்டாரு!"

இடைவேளையில் முதலாளி குண்டுலா பிரெட்ஸல் ரொட்டியைப் பிய்த்தபடி பாய்ந்தார். "டேய், வேற சொல்லே கிடைக்கலையா உனக்கு?"

"உண்மையத்தானே சொன்னேன்!" கத்தியே விட்டேன்.

"உண்மைதான்டா. அதை ஏன் அவங்க வார்த்தையில சொன்னே?"

மாலை

'கண்டுபிடித்தவர் மேசையில் என்ன கிடந்தது என்பது இங்கே கேள்வியல்ல' என்றார் தலைவர். இந்த ரப்பர் அந்த வாயுவில் உப்பிவிடும் என்றே எல்லாக் கட்டுரைகளும் எச்சரிக்கின்றனவாம். அவற்றைப் படித்தவர் இதைத் தொட்டிருக்க மாட்டார். காப்புரிமை நிற்கிறது.

எந்தக் கட்டுரைகள்? நான் ஒன்றையும் படித்ததில்லையே. பொறுமை ஏது எனக்கு? படித்திருந்தால் — நானும் தொட்டிருக்க மாட்டேன். வெளியே வந்தால் தெருவிளக்குகள் பனியில் கரைந்துகொண்டிருந்தன. எதுவுமே நடக்காதது போல.

நவம்பர் 15, வெள்ளி

1. குண்டுலாவிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். கத்தியதற்கு மட்டும்.
2. உரிமம் வாங்குபவர்களுக்கு மாதிரிகள் அனுப்ப வேண்டும்.
3. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யும். அதற்குள் அந்தக் கட்டுரைகளைப் படித்தாக வேண்டும்.
4. அதற்கு முன்னால், அடுத்த ரப்பரை ஊறப்போட்டுவிட வேண்டும்.