பம்ப் ரூம் அருகே நிற்கிறேன், அண்ணி

என் பிரியமான அண்ணிக்கு,

நீங்கள் இல்லாமல் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. பீர்க்கன்கரணை ஏரி இந்த முறை நிரம்பித்தான் இருக்கிறது. ஆகாயத்தாமரையை மிஷின் வைத்து அள்ளினார்கள். அது மறுபடி வந்துவிட்டது. "அதுக்கு இருக்கிற ரோஷம் நமக்கு இல்லையே ரேவதி" என்று சொல்லியிருப்பீர்கள். இந்த மாதிரி அற்ப விஷயங்களைச் சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை. பெரிய விஷயங்களைக் கேட்க ஊரே இருக்கிறது.

அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். காபி போடக் கற்றுக்கொண்டார். அதைக் குடிக்க நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாயங்காலம் நீங்கள் பார்க்கும் சீரியலை விடாமல் பார்க்கிறார். நீங்கள் இருந்தபோது அதைத் திட்டாத நாளே கிடையாது. ஏன் என்று கேட்டால், "அவ விட்ட எடத்துலேருந்து யாராச்சும் பாக்கணும்ல" என்கிறார்.

சரி, என் முட்டிக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாம் ஓட ஆரம்பித்த கதை நம் தெருவுக்கே தெரியும். உங்களுக்குச் சர்க்கரை வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார், மாடி போர்ஷனில் இருந்த என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். நான் யார்? காலேஜில் எண்ணூறு மீட்டர் ஓடி, அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டி வேலை வாங்கி, பிறகு தாம்பரம் ஆபீசில் நாற்காலியே கதி என்று உட்கார்ந்து இடுப்பு பெருத்தவள். ஆனாலும் நடக்க எனக்குப் பொறுமை இல்லை. "நடையாவது கிடையாவது, ஓடுங்க அண்ணி" என்று இழுத்தேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு நீங்கள் மூச்சிரைக்க வந்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏரிக்கரையில் வாழைத்தண்டு சூப் விற்கிற முருகன் கேட்டானே, "இன்னாக்கா, நாத்தனாரும் அண்ணியும் சேந்து ஓட்றீங்களா, இல்ல ஒர்த்தர ஒர்த்தர் தொரத்திகினு போறீங்களா?" வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வருஷங்கள் போயின. நீங்கள் சுடிதாருக்கு மாறினீர்கள், நல்ல ஷூ வாங்கினீர்கள், சர்க்கரை அடங்கியது. எனக்கு முட்டி தேய ஆரம்பித்தது. வலது முட்டிதான் மோசம். மாடிப்படி இறங்கினால் உள்ளே நறநறவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். உங்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஓடவே விடமாட்டீர்கள் என்ற பயம் பாதி. ஓட்டக்காரி நான், நேற்று ஓட வந்த அண்ணிக்கு முன்னால் நொண்டுவதா என்ற வீம்பு மீதி.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் ஷூ லேஸ் அவிழ ஆரம்பித்தது. ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பம்ப் ரூமைத் தாண்டுவதற்குள், "ஏய், நில்லு ரேவதி, லேசு அவுந்துடுச்சு" என்று உட்கார்ந்துவிடுவீர்கள். அடுத்து அரசமரத்தடியில். அடுத்து கோயில் திருப்பத்தில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பட்டா ஷூவை மறைக்க, என்னவோ செய்துகொண்டிருப்பீர்கள். நான் கரையோரக் கம்பியில் சாய்ந்தபடி, நீங்கள் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் முட்டியை நீவிவிட்டுக்கொள்வேன். நீங்கள் எழுந்திருப்பதற்குள் வலி அடங்கிவிடும்.

"ஒரு முடிச்சு போடத் தெரியல, எங்க அண்ணனை எப்படித்தான் கட்டிப் போட்டீங்களோ" என்பேன்.

"அவரு தானா வந்து மாட்டிக்கிட்டாரு" என்பீர்கள். எழுந்ததும் நெற்றியில் கை வைத்துச் சற்று நிற்பீர்கள். வேர்வையைத் துடைக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் காலை. நான் வாசலில் நின்று உங்களுக்காகக் காத்திருந்தேன். கதவைத் திறந்து அண்ணன்தான் வந்தார். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இத்தனை வருஷம் என் கூட ஓடிப் பழகிய இதயம் படுத்திருக்கும்போது எப்படி நிற்கும்? சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி காட்டாமல் இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

நான் ஓடுவதை நிறுத்தினேன். முட்டிக்காவது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தால், அது துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இறுகிப்போனது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், தொடையைப் பலப்படுத்துங்கள் என்று கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்கள். எல்லாப் பயிற்சியும் செய்தேன். "இனிமே ஓடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச தூரம் ஓடுங்க ஆன்ட்டி. வலி வர்றதுக்கு முன்னாடியே நின்னுடுங்க. அப்புறம் மறுபடி ஓடுங்க. அப்படிப் போனா இன்னும் ரொம்ப வருஷம் ஓடலாம்."

"நின்னு நின்னு போறதுக்குப் பேரு ஓட்டமா?"

"நிக்காம ஓடினீங்கன்னா நேரா ஆபரேஷன் டேபிள்தான் ஆன்ட்டி."

இந்த வயதில் எதற்கு இந்த ஓட்டம் என்று அண்ணனும் கேட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் நீங்கள் அவருடைய மனைவி, பிள்ளைகளுக்கு அம்மா. உங்களுக்காக அழுவதில்கூட அவர்களுக்குத்தான் முதல் வரிசை. ஏரிக்கரையில்தான் நீங்கள் எனக்கு மட்டும் என்று இருந்தீர்கள். ஓட முடியாது என்றால் உங்களைப் பார்க்க எனக்கு வேறு இடம் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலை போனேன். முருகன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இன்னாக்கா, ஆளையே காணோம்! அண்ணி எங்க, பின்னால வந்துகினு கீறாங்களா?" என்றான். அவனுக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

நின்றால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் நிற்கவில்லை. பம்ப் ரூம் போயிற்று, அரசமரம் போயிற்று. கோயில் திருப்பத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முருகன் ஓடி வந்தான். அவனிடம் அங்கேதான் சொன்னேன். "இன்னாக்கா சொல்ற" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவனும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான்.

முட்டி வீங்கிப் பூசணிப் பிஞ்சாகிவிட்டது. இனி அவ்வளவுதான், ஏரியும் இல்லை, அண்ணியும் இல்லை என்று ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அண்ணன் காபியோடு மேலே வந்தார். இன்னொரு கையில் உங்கள் ஷூ.

"உனக்கும் இதே சைஸ்தானே, வெச்சுக்கோ. எனக்குக் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு."

ஓடாதவளுக்கு எதற்கு ஷூ என்று சொல்லிக்கொண்டேதான் மடியில் வாங்கினேன். லேஸை அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை. நகத்தால் நெம்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், முடிச்சின் மேல் கறுப்பு நூலில் தையல். ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துத் தைப்பீர்களே, அதே நெருக்கமான தையல். இரண்டு ஷூவிலும்.

"இது என்னண்ணா?"

"உனக்குத் தெரியாதா? அவளுக்குக் குனிஞ்சா தலை சுத்தும்ல. ஷூ வாங்கின உடனே மொத வேலையா முடிச்சு போட்டுத் தைச்சிடுவா. அப்புறம் செருப்பு மாதிரி காலை நுழைச்சுக்கறதுதான். எல்லா ஷூவும் இப்படித்தான்."

நான் வாய்விட்டு அழுதேன் அண்ணி. அண்ணன் பாவம், முட்டி வலி என்று நினைத்து ஐஸ் எடுக்க ஓடினார்.

உங்களுக்கு எப்போது தெரிந்தது? என் கால் விழுகிற சத்தத்திலா? படி இறங்கும்போது நான் கைப்பிடியைப் பிடிக்கிற பிடியிலா? என் வீம்புக்குக் காயம் படாமல் என்னை நிறுத்த, அவிழவே முடியாத லேஸைக் கட்டுவதற்கு ஒவ்வொரு நாளும் குனிந்தீர்களே. தலை சுற்றும் என்று தெரிந்தே குனிந்தீர்களே. நெற்றியில் கை வைத்து நின்றது வேர்வைக்கு இல்லையே. உங்களுக்கு முடிச்சு போடத் தெரியவில்லை என்று நான் கேலி பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பை இப்போது நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

வீக்கம் வடிந்துவிட்டது. பிசியோதெரபி பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி பயிற்சி செய்தேன். இன்று காலை கரைக்குப் போனேன்.

மெதுவாகத்தான் ஓடினேன். வலி இல்லை. இன்னும் போகலாம் என்று கால் சொன்னது. ஆனால் பம்ப் ரூம் வந்ததும் நின்றேன். உங்களைப் போல உட்கார என்னால் முடியாது. சிமெண்ட் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக் குனிந்தேன். என் லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, லேசு அவுந்துச்சா?" என்று முருகன் தூரத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"ஆமாம்பா" என்றேன்.

வழக்கமாக நீங்கள் எழுந்திருக்கிற நேரம் வரைக்கும் அப்படியே இருந்தேன். எப்போதும் நீங்கள் ஓடுகிற இடப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. பிறகு ஓடினேன்.

அண்ணி, இது உங்களுக்கு என் வாக்கு. இந்த முட்டி தாங்குகிற வரைக்கும் ஓடுவேன். பம்ப் ரூமிலும் அரசமரத்தடியிலும் கோயில் திருப்பத்திலும், வலி வருவதற்கு முன்னாலேயே நிற்பேன். யார் கேட்டாலும் லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றே சொல்வேன்.

உங்களை இன்னமும் துரத்திக்கொண்டு வரும்
உங்கள் நாத்தனார்,
ரேவதி