உன் கதையில் யாரும் சாகவில்லை

நீ எழுதிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டு, வேறு யாரையோ எழுத வைத்து, உன் கதாநாயகியைக் காய்ச்சலில் சாகடித்தார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் செய்த அந்த அநியாயத்தை இப்போது வழவழப்பான அட்டை போட்டு மறுபடியும் செய்யப் போகிறார்கள். மாதிரிப் பிரதி கூரியரில் வந்தது. பிரித்ததும் புத்தக முதுகில் தடவிய பசை மூக்கில் ஏறியது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அப்படியே. மேற்கொண்டு பக்கம் புரட்டவில்லை. நினைவில் அந்த நாள் குருபரப்பள்ளிக்குப் போய்விட்டேன்.

மெட்ராஸ் ரோட்டோரம் என் பஞ்சர் கடை. ஒட்டினாற்போல் உங்கள் அப்பாவின் தார்ப்பாய்க் கடை. நடுவில் ஒரு தகரம்தான். நான் லாரி டியூப் ஒட்டுவேன், நீ கிழிந்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் தைப்பாய். டிரைவர்கள் தாங்கள் படித்து முடித்த மாத நாவல்களை உன் பக்கம் போட்டுவிட்டுப் போவார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். லாரி நெற்றியில் எழுதியதைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவன். ஆனால் நீ சத்தமாகப் படிக்கும்போது நடுவில் மறுத்துப் பேச நான் தயங்கியதில்லை.

முக்கால்வாசி, சிநேகிதர்கள் காதலர்களாகிற கதைகள். "பாரு, இந்தப் பக்கத்துல இருமறா. இன்னும் நாலு பக்கத்துல போயிருவா" என்பாய். நாலு பக்கத்தில் போயும் விடுவாள். போகாவிட்டால் இருவரும் அண்ணன் தங்கை என்று தெரியவரும். ஒரு நாள் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்திவிட்டுச் சொன்னாய்:

"நானே ஒண்ணு எழுதறன். அதுல ஒருத்தரும் சாவ மாட்டாங்க."

"அப்ப யார் வாங்குவா?"

"நீ வாங்கு. உனக்குத்தான் வேற செலவில்லையே."

எழுத எழுதப் படித்துக் காட்டினாய். "அந்தப் பையன் ரொம்ப மக்கா இருக்கானே" என்று ஒருமுறை குறை சொன்னேன். "பார்த்துத்தானப்பா எழுதறன்" என்றாய். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் முடிவு எனக்கு வரிக்கு வரி தெரியும். கல்யாணம் கட்டிக்கொண்டாலும் உன் கடையை நான் பெருக்க மாட்டேன் என்கிறாள் அவள். அவன் பேசாமல் துடைப்பத்தை எடுத்து இரண்டு கடை வாசலையும் பெருக்குகிறான். "மூலைய விட்டுட்ட" என்கிறாள். அதோடு கதை முடியும்.

மெட்ராஸ் பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பி, அச்சாகி வந்த புத்தகத்தில் துடைப்பமும் இல்லை, வாசலும் இல்லை. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாய். என்னிடம் நீட்டினாய். அதே வாரம் தெரிந்த டிரைவரின் லாரியில் மெட்ராஸ் புறப்பட்டோம், உங்கள் அப்பா நம் இருவருக்கும் நடுவில்.

பதிப்பகத்து முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். "படிக்கிறவங்க அழணும்மா. சிநேகிதமா இருந்தவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு போட்டா, பொண்ணப் பெத்தவங்க புத்தகத்த வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அது கெட்ட உதாரணம்."

"அப்ப செத்தா நல்ல உதாரணமாங்க?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா."

"ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுக்குப் போற பொண்ணு, சாவும்போது அடுத்த ஜென்மத்துல சந்திப்போம்னு சொல்லுதுங்க. அதாச்சும் உங்களுக்குப் புரியுதா?"

அவர் மேசை மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் பர்கூர் தாண்டியதும், அப்பாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாய். "புத்தகத்துல அவங்க கொன்னுட்டாங்க. நான் சாவறதா இல்ல. நீ என்னாப்பா சொல்ற?"

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. "பெருக்கறது நானா?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் தூங்கலம்மா" என்றார் உங்கள் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

உங்கள் வீட்டில் சிலுவை, எங்கள் வீட்டில் மாரியம்மன். எங்கள் அம்மா முகம் கொடுத்துப் பேச வெகுகாலம் ஆயிற்று. கிருஷ்ணகிரி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, மறுநாளே கடை திறந்தோம். நீ மட்டும் அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன். "எழுதினா அவளையும் கொன்னுருவாங்க" என்பாய். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பெண்ணை அவர்கள் தாளில் கொன்றார்கள். நீ எழுதியிருக்க வேண்டிய மற்ற பெண்கள் பிறக்கவே இல்லை. கல்யாண நாள்தோறும் நான் வாசல் பெருக்க, நீ அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பாராமல் சொல்வாய். வேண்டுமென்றே ஒரு மூலையை விட்டுவைப்பேன்.

உன் நினைவு ஜெபத்தில் உன் தங்கை மகன் கூரியரில் வந்த மாதிரிப் பிரதியை எடுத்து, காய்ச்சலில் சாகும் பக்கத்தை உருக்கமாகப் படித்தான். பெரியம்மாவே தன் சாவை எழுதிவைத்தது போலிருக்கிறது என்றான். எல்லோரும் அழுதார்கள். நான் எழுந்தேன்.

"நிறுத்துப்பா. அது உங்க பெரியம்மா எழுதினது இல்ல."

நம் மகள் என்னை வெளியே அழைத்துப் போனாள். "விடுங்கப்பா. அம்மாவே போயிட்டாங்க. எந்த முடிவா இருந்தா இப்ப என்ன?"

"உங்கம்மா போனது வேற. புத்தகத்துல அவங்க கொன்னது வேற."

அடுத்த நாள் பதிப்பக முதலாளியின் பேரன் போன் செய்தான். கடைக்கு அனுப்பும் முன் உன் வாரிசாக என் கையெழுத்து வேண்டுமாம். முடிவை மாற்று, போடுகிறேன் என்றேன்.

"அம்மா எழுதின மூலப் பிரதி ஏதாவது இருக்கா தாத்தா?"

"நான் இருக்கேன்."

அவன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். யோசிக்கட்டும். ஆக வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பதிப்பகத்துப் பேரன் அந்தச் சாவுப் பக்கங்களை மொத்தமாக எடுக்க வேண்டும். உன் அத்தியாயத்தைப் போட்டு, இதுதான் இவர் எழுதியது, எங்கள் தாத்தா மாற்றியது தவறு என்று அதே புத்தகத்தில் அச்சடிக்க வேண்டும். மகள் நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டும். "மூலைய விட்டுட்ட" என்பதை 'மூலையை விட்டுவிட்டாய்' என்று திருத்தக் கூடாது. உன் தங்கை மகன் அடுத்த வருஷ ஜெபத்தில் அதே இடத்தில் நின்று இந்த முடிவைப் படிக்க வேண்டும். சிரிப்பு வந்தால் யாரும் அடக்கக் கூடாது.

நான், அதுவரை கையெழுத்துப் போடக் கூடாது. சாகவும் கூடாது.