ஒரே சாப்பாடு, இரண்டு ரிப்போர்ட்

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பின்னேரம் இடி வரும் போல. கொடியில் கிடக்கும் துணியை மறக்காமல் எடுக்க வேண்டும்.

படிப்பித்த காலத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "டீச்சர், பி12 இறைச்சியிலயும் மீனிலயும் பாலிலயும்தான் இருக்கு எண்டு சொன்னீங்க. மாடு புல்லு மட்டும்தானே தின்னுது. மாட்டுக்கு அது எங்க இருந்து வருது?" மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் வேறு பாடம். அவளும் மறந்திருப்பாள்.

இன்று அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்தியது என் வீட்டுக்காரர் ரெஜியின் செருப்பு.

சந்தைக்கு வல்லாரை வாங்கப் போன மனுஷன் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். "மற்றது எங்க?" என்றேன். குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "போட்டுக்கொண்டுதானே வந்தேன்" என்றார். வலது குதிக்காலில் கண்ணாடி கிழித்து இரத்தம் காய்ந்திருந்தது. நோகவே இல்லையாம்.

நாலைந்து மாதமாகக் கால் விரல் விறைக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சீனி வருத்தம், நீரிழிவுதான் என்றார்கள் எல்லாரும். நானும்தான். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

காயம் கழுவி மருந்து போட்டாயிற்று. டொக்டர் புதன் 4.30, வெள்ளவத்தை. துணி நனைந்துவிட்டது.

ஒக்டோபர் 9, புதன்

மழை. காலி வீதி முழுக்க வாகனம். அரை மணித்தியாலம் பிந்தினோம்.

பெண் டொக்டர். பொறுமையானவர். ரெஜியைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தடவினார். தெரியவில்லை. இசைக்கவையை அடித்துக் கணுக்காலில் வைத்தார். தெரியவில்லை. முழங்காலில் வைத்த பிறகுதான் "ஓம், இப்ப அதிருது" என்றார்.

"சீனிக் குளிசை எத்தனை வருஷமா?"

"பத்து இருக்கும்."

"சாப்பாடு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். "வீகன், டொக்டர். நாலரை வருஷம். இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் ஒண்டும் இல்ல. தேனும் இல்ல."

"பி12 குளிசை?"

"தேவைப்படல்ல." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட தாள் வெளியே வந்தது. 2023 ஜனவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். தாள் ஒரு மூலையிலும் மடங்கியிருக்கவில்லை.

டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். "மூணு வருஷம் வீகன், குளிசை இல்ல, சீனி மருந்து வேற பி12ஐக் குறைக்கும். அப்பிடியும் நோர்மல். அதிசயம்தான் சேர்."

ரெஜி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு சனிக்கிழமை.

பசி. பக்கத்தில் ஒரு சைவக் கடை. ரெஜி வழக்கம் போல விசாரணை. "சாம்பாருக்கு நெய் போடுவீங்களா?" பரிமாறுகிறவருக்குப் பெருமை: "சுத்த சைவக் கடை அய்யா. பயப்படாமச் சாப்பிடுங்க, நல்ல பசு நெய்." கடைசியில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும்.

எங்கள் கொட்டாஞ்சேனையில் தொல்லை வேறு மாதிரி. "டீச்சர், ஒங்கட வீட்டுக்காரர் சைவத்துக்கு மாறிட்டாராமே?" என்று மாதா கோயில் வாசலில் கேட்டவர்கள் உண்டு. சாப்பாட்டையா சமயத்தையா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 12, சனி

முடிவு வந்தது. பி12 குறைந்த எல்லைக்கும் கீழே.

டொக்டர் சொன்னதை அப்படியே குறித்துக்கொள்கிறேன். உடனே ஊசி. முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று, அதன் பிறகு காலம் முழுக்கக் குளிசை. நரம்பு கொஞ்சம் திரும்பி வரலாம். பிந்தினால் வராது. "நாள் கடத்தாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

ரெஜி ஊசிக்குச் சம்மதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பிலோ, இங்க பாரு. அண்டைக்கும் இதே சாப்பாடு. இண்டைக்கும் இதே சாப்பாடு. ஒரே சரக்குக்கு ரெண்டு கணக்கு வந்தா, பிழை கணக்கெழுதினவன்ட பக்கம். லேப்ல மாறிப் போச்சு. கால் விறைக்கிறது சீனி. சீனிக்கு நடப்பேன்."

ஒரு குறையும் இல்லாத வாதம். என் வகுப்பில் சொல்லியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

இரண்டும் ஒரே சாப்பாடு அல்ல. அது எனக்கு மட்டும் தெரியும்.

எழுதிவிடுகிறேன். 2020 தவக்காலம். ஒருகொடவத்தைச் சந்தியில் கோழி லொறிக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பஸ் நின்றதாம். "எல்லாக் கோழியும் என்னையே பாத்துச்சு பிலோ" என்று வந்தார். தவக்காலத்துக்கு இறைச்சியும் மீனும் விட்டார். ஊரடங்கு வந்தது, பாலும் போயிற்று. பாஸ்கா வந்து தவக்காலம் முடிந்தும் திரும்பத் தொடவில்லை. ஐந்து மாதத்தில் கழுத்து எலும்பு தெரிந்தது. எனக்குப் பயம். சம்பல் இடிக்கும்போது ஒரு துண்டு மாசிக் கருவாட்டையும் சேர்த்துத் தூளாக இடித்தேன். கீரைச் சுண்டலிலும் போட்டேன். இந்த ஊரில் மாசியை யாரும் மீன் என்று எண்ணுவதில்லை. மரக்கறிப் பார்சலில்கூடச் சம்பலுக்குள் கிடக்கும். அதையே எனக்கும் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். ஏறக்குறைய மூன்று வருஷம். அந்த ஜனவரி ரிப்போர்ட் நோர்மலாக வந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வந்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம். மாசியை ஃபாதரிடம் சொன்னேன். ஃபாதர்: "நிப்பாட்டுங்க. அவர்ட்டயும் சொல்லுங்க." முதலாவதை அன்றே செய்தேன். இரண்டாவதை இன்று வரை செய்யவில்லை.

ஈரலில் பி12 சேமிப்பு வருஷக் கணக்கில் இருக்கும் என்று பாடப் புத்தகம். ஆனால் அறுபத்தொன்பது வயது வயிறு, பத்து வருஷ சீனிக் குளிசை. அவருடைய சேமிப்பு எப்போதோ முடிந்திருக்கும். நான் இடித்துப் போட்டது நாட்கூலி. அதையும் நிறுத்தினேன், பதிலுக்குக் குளிசை கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் பிறகு ரீட்டா அக்கா வந்தார். ரெஜியின் மூத்த சகோதரி, எழுபத்தாறு வயது. பலகாரப் பெட்டி, வெற்றிலை, வாய்.

"வீகனோ வாகனமோ, எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு சின்ன மீன் சூப் குடி தம்பி. ஆண்டவரே உயிர்த்தெழுந்த பிறகு சுட்ட மீன்தானே கேட்டுச் சாப்பிட்டாரு. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவருக்கு மூணு நாள் பசி அக்கா."

அக்கா சிரித்துவிட்டார். வாதத்தில் அவரைச் சிரிக்க வைத்தால் ரெஜிக்கு அன்றைய நாள் போதும்.

அக்காவின் மற்றக் குற்றச்சாட்டுகள்: சோயாமீட் றப்பர், பருப்பில் பலம் இல்லை, பால் இல்லாமல் எலும்பு உளுத்துவிடும். நான் ரெஜியின் பக்கம்தான் கதைத்தேன். பருப்பும் கௌபிப் பயறும் சோறும் மாறி மாறிச் சாப்பிட்டால் புரதம் போதும். கீரை, எள்ளு, கடலை இருக்கிறது. இரும்புச்சத்துக்குக் கீரையோடு தேசிக்காய்ப் புளி, சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காமல் இருந்தால் சரி. அக்காவிடம் உதாரணம் சொன்னேன்: வீடு கட்ட எல்லாச் சாமானும் இந்தத் தெருவிலேயே வாங்கலாம், ஆணி மட்டும் வேறு கடையில் வாங்க வேண்டும். ஆணி கொஞ்சம்தான் வேணும். ஆனால் ஆணி இல்லாமல் கூரை நிற்காது. பி12 அந்த ஆணி.

"ஆணி வாங்கித் தாறன் எண்டாலும் வேணாமாமே இவனுக்கு" என்றார் அக்கா.

குசினி அடுப்படியில் வைத்து அக்காவிடம் மட்டும் மாசி விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு காதுக்குள்: "நல்ல வேலை செஞ்சே. அப்ப திரும்பப் போடு. அவனுக்கு ஏன் சொல்லப் போறே? விசரா ஒனக்கு?"

ஒக்டோபர் 14, திங்கள்

வெயில். கால் காயம் ஆறி வருகிறது. படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கிறார்; நான் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறார்.

கடையில் நின்றேன். முதலாளிக்கு என்னைத் தெரியும். "டீச்சர், உம்பலகட ஓனத?" ஒன்றரை வருஷத்துக்கு மேல் நான் வாங்கவில்லை, ஆனாலும் மாசி வேணுமா என்று கேட்கிறார். ஒரு துண்டு வாங்கினேன்.

உரலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அக்கா சொல்வது போலச் செய்தால் வீட்டில் சண்டை இல்லை. ஆனால் நரம்பு கெட்ட பிறகு சம்பலில் கிடக்கும் மாசி போதாது. ஊசிதான் வேண்டும். ஊசிக்கு அவர் சம்மதிக்க வேண்டுமானால் அந்தப் பழைய ரிப்போர்ட் மாசியால் வந்தது என்று தெரிய வேண்டும்.

மாசியை அக்காவின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விடை: மாடு பி12ஐச் செய்வதில்லை. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. முப்பது வருஷம் பிந்திவிட்டது.

ஒக்டோபர் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்து அவர் பேப்பரை விரித்தார். அப்படியே எழுதிவிட வேண்டும்.

"அண்டைக்கும் இண்டைக்கும் ஒரே சாப்பாடு இல்ல" என்றேன்.

"என்ன?"

"முதல் மூணு வருஷம் சம்பல்ல மாசி இருந்துச்சு. நான்தான் இடிச்சுப் போட்டேன். பிறகு நிப்பாட்டினேன்."

பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார். "தெரியாமப் போட்டியா?"

"தெரிஞ்சுதான்."

எழுந்து போய் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து வந்தார். பழைய தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தார்.

"அப்ப லேப் பிழை இல்ல" என்றார்.

"இல்ல."

"கிழமைக்கு எத்தனை நாள்?"

"நாலு. சில நேரம் அஞ்சு."

"தவக்காலத்திலயும்?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"பெரிய வெள்ளிக்கும்?"

"பெரிய வெள்ளிக்குக் கஞ்சிதானே. அதில ஒண்டும் போடல்ல."

இது எனக்கே கேவலமாகக் கேட்டது. அவர் பழைய தாளை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரெல்லாம் இந்தத் தாளைக் காட்டினேன். ஒவ்வொரு தரமும் நீ பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தே."

பயந்துதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது காரணம், பதில் அல்ல.

ஒக்டோபர் 16, புதன்

அவரே சமைத்தார். தேங்காய் துருவத் தெரியாது. ஓட்டுக் கறுப்பும் சேர்ந்து விழுந்தது. பருப்பில் உப்பு கூட. பல்கனியில் போய் இருந்து சாப்பிட்டார். மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.

நாள் முழுக்கப் பேச்சு: "மஞ்சள் எங்க?" அவ்வளவுதான்.

ஊசியைப் பற்றி ஒன்றும் இல்லை. என் மேல் இருக்கும் கோபத்தில் வேண்டாம் என்றுவிடுவாரோ. கடத்தாதீங்க என்று டொக்டர் சொன்ன நாள் கடக்கிறது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லாத மாதிரி.

ஒக்டோபர் 17, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. தெரு அமைதி.

பின்னேரம் வந்து கதவடியில் நின்றார். "அந்த ஊசி எதில இருந்து செய்யிறது? ஈரல்ல இருந்தா?"

முந்தி ஈரல் சாற்றில் கொடுத்தார்கள், இப்போது பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்த்து எடுக்கிறார்கள், மாட்டு வயிற்றில் நடப்பதுதான், மாடு மட்டும் இல்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். முன்பென்றால் "டீச்சர் சொன்னாச் சரி" என்பார். இன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஒக்டோபர் 18, வெள்ளி

முதல் ஊசி போட்டாயிற்று.

தனியாகப் போய் வந்தார். "டொக்டர்ட்டயும் கேட்டேன், பாமசியிலயும் கேட்டேன். நீ சொன்னது சரிதான்" என்றார். இனி நான் சொல்வதை இரண்டு இடத்தில் விசாரிப்பார். விசாரிக்கட்டும்.

டொக்டரிடம் மாசிக் கதையையும் சொல்லியிருக்கிறார். "அப்ப அதிசயம் இல்ல" என்றாராம். கால் உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கவில்லையாம். ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

பின்னேரம் நான் சமைத்தேன். பல்கனிக்குப் போகாமல் மேசையில் வந்து இருந்தார். சோறு போட்டேன். பருப்பு அகப்பையோடு போனபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"பேர் சொல்லிப் போடு."

"பருப்பு. தேங்காய்ப்பால், உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, மஞ்சள்."

கையை எடுத்தார். போட்டேன். திரும்ப மூடினார்.

"கௌபி. வெங்காயம், மிளகாய்த்தூள், உப்பு."

எடுத்தார்.

"சம்பல். தேங்காய், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்."

இந்தத் தரம் கை அங்கேயே இருந்தது. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

கையை எடுத்தார்.

இதை யார் வாசித்தாலும், அடுத்த வேளை யாருக்காவது சோறு போடும்போது ஒன்று செய்து பாருங்கள்: ஒவ்வொரு கறியையும் அதன் பேரையும் அதில் உள்ளதையும் சொல்லிப் போடுங்கள்.