காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்

20 மே 2009, புதன்

காலையில் தூறல். பஸ் இருபது நிமிடம் தாமதம். இன்று: பால், சப்பாத்து தைக்கக் கொடுத்தது, டிலானி வீடு.

டிலானி (இனி டி.) பதினைந்து வயது. ஜேர்மனியிலிருந்து வந்து இரண்டு வருடம். ஆங்கிலம் தடுக்கி, வகுப்பில் வாய் திறக்காமல், கடைசியில் பள்ளிக்கே வராமல் இருந்தவள். தமிழ்க் குடும்பங்களோடு பேசப் பள்ளி வைத்திருக்கும் ஆள் நான். என்னாலும் ஒன்றும் ஏலவில்லை. ஜெனி மிஸ்தான் வழி கண்டுபிடித்தார். அவுஸ்திரேலியாக்காரி. அங்கே நாட்டுப்புறத்தில் பூர்வகுடிப் பிள்ளைகள் படிப்பை விடாமலிருக்க மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் பயிற்சி வேலை, முடிவில் சான்றிதழ். அதையே இங்கே லண்டனில், எட்மண்டன் பள்ளியில் தொடங்கினார். டி.க்கு வியாழன், வெள்ளி குழந்தைகளைப் பார்க்கும் ஒரு நேர்சரியில். ஜனவரி முதல் ஒருநாள் தவறவில்லை. அந்த இடம் போனால் ஐந்து நாளும் வகுப்பு. அப்படியென்றால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

பின்னேரம் அவர்கள் வீடு. திங்கட்கிழமை செய்தி வந்ததாம், வன்னியில் சித்தப்பா இல்லை. உடலும் இல்லை. படத்துக்கு மாலை. தாய் அதன் முன்னால் இருந்தபடி சொன்னார்:

"ஸ்கூலுக்கு அனுப்புவன் தங்கச்சி. நேர்சரிக்கு ஏலாது. முப்பத்தொண்டு முடியுமட்டும் துடக்கு. செத்தவீட்டுத் துடக்கோட கைக்குழந்தையளைத் தூக்கக் கூடாது."

இந்தத் தீட்டுக் கணக்கு வெள்ளைக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது? பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்: "துடக்கு எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ. டிலானி, நீ போன் அடிச்சுக் காய்ச்சல் எண்டு சொல்லு."

டி. தலையாட்டினாள்.

22 மே, வெள்ளி

வெயில். நேற்றும் இன்றும் டி. போன் செய்துவிட்டாளாம். கெட்டிக்காரி. பிரச்சினை தீர்ந்தது. அடுத்த கிழமை விடுமுறை. பால் மறந்துவிட்டேன், மறுபடியும்.

5 ஜூன், வெள்ளி

பல்வலி. டி. திங்கள், செவ்வாய், புதன் பள்ளியில். நேற்றும் இன்றும் மறுபடி "காய்ச்சல்".

பன்றிக் காய்ச்சல் என்று லண்டனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. இது என் மண்டையில் ஏறவேயில்லை. நேர்சரியில் டொக்டர் கடிதம் கேட்டார்கள். பள்ளிக்கும் போன் செய்தார்கள். "புதன்கிழமை நன்றாகத்தானே இருந்தாள்" என்றதாம் அலுவலகம். நுணலும் தன் வாயால் கெடும். என் வாயால் கெட்டது பிள்ளை.

8 ஜூன், திங்கள்

கூட்டம். நேர்சரிப் பொறுப்பாளர், ஜெனி, டி., மொழிபெயர்க்க நான்.

ஏன் பொய் சொன்னாய் என்று பொறுப்பாளர் கேட்டார்.

டி. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கீழே கம்பளத்தை.

"நானாத்தான் சொன்னனான். போக விருப்பமில்லை."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல்.

இடம் போயிற்று. என் வேலை போய்விடுமோ என்ற பயம்தான் வாயை அடைத்தது. வேறு காரணம் எதுவும் எழுதி என்னை நானே ஏமாற்ற வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றினாள்.

9 ஜூன், செவ்வாய்

டி. பள்ளிக்கு வரவில்லை. ஜெனியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவுஸ்திரேலியாவில் அந்தப் பூர்வகுடிப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு சாவு என்றால் குடும்பமே வாரக்கணக்கில் துக்கத்தில் இருக்குமாம். வேலை கொடுப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லி வைப்பார்களாம். திரும்பி வரும்வரை இடம் காத்திருக்கும்.

"இங்கேயும் அப்படித்தான் செய்திருப்பேன். என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார்.

கேட்கவில்லை. இவருக்கு விளங்காது என்று நானே முடிவுகட்டினேன். எதிர் மேசையில்தான் இருக்கிறார், ஐந்து மாதமாக.

உடனே நேர்சரிக்கு அழைத்தார். காலையிலேயே வேறு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று.

17 ஜூன், புதன்

புழுக்கம். டி. வராத ஏழாவது நாள். வீட்டில் போன் எடுக்கவில்லை. நேரே போனேன்.

செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி இன்று முப்பத்தொன்றாம் நாள். வீடு கழுவியிருந்தது. சாம்பிராணி வாசம். தாய் முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"அவள் விடியவே ஸ்கூலுக்குப் போயிட்டாள். நீங்கள் காணேல்லையோ?"

மேசையில் நேர்சரியின் நீலச் சட்டை, அயன் பண்ணி மடித்தபடி. டி. வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. வியாழன், வெள்ளி போக மற்ற ஐந்து நாளும் சீருடை போட்டுக்கொண்டு எங்கே போயிருப்பாள்?

உட்கார்ந்தேன். "அக்கா, பிள்ளையில பிழையில்லை. காய்ச்சல் எண்டு சொல்ல வைச்சது நான். அந்த இடம்..."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடுங்கோ தங்கச்சி. நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள். துடக்குக் கழிஞ்சுது. நாளைக்கு வியாழன், நேர்சரிக்குப் போவாள்தானே?"