படகை யார் கொடுத்தது?

அன்புள்ள அப்பா,

பளையில் எல்லோரும் நலமா? அம்மாவின் இருமல் நின்றதா? எனக்குக் காலில் சிறு சிராய்ப்பு மட்டும், பயப்பட வேண்டாம்.

நேற்று, எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் ஒருவர் காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்து, மிதவை அங்கி போடாமல் குளத்தில் ஓட்டத் துடுப்புப் படகு கேட்டார். நான் மறுத்தேன். "வாற ஆக்களோட வாய் காட்டாதேங்கோ" என்று மேலாளர் தானே படகைக் கொடுத்தார். அது கவிழ்ந்தது. நான்தான் நீந்திப்போய் அந்த மனிதரை இழுத்து வந்தேன்.

பிறகு மேலாளர், "நீங்கள் கவனிக்கேல்லை எண்டு எழுதித் தாங்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓம், எழுதுறன்" என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டார். மறுபடி எழுதித் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன்.

என் போர்வையை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். அறையில் கூட இருந்த பிள்ளை வேலையை விட்டுத் தன் போர்வையோடு போனபின் இரவில் குளிர்கிறது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். வேலை போனாலும் போகட்டும். மேலாளரிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் எழுதாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்,
யதுர்ஷிகா